முன்சக்கரங்களுக்குப் போன பழைய ஆயில்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது என் கார் பிரேக் பிடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஓட்டியவர் அல்ல. அவர் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்கினார் என்று கள்ளக்குறிச்சியில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேசினார்கள். அது உண்மையில்லை என்று தெரிந்த ஆள் நான். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன், சொல்ல வேண்டியவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். அதனால் இப்போது எழுத முடிகிறது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு என் பழைய வெள்ளைக் கார். பிளக் மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது என்று ஆரம்பித்து, பிரேக்கில் ஏர் எடுப்பது வரை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்தக் காற்றை ஆயிலோடு சேர்த்து ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சின்ன நிப்பிள் வழியாக வெளியேற்ற வேண்டும். அதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு வழக்கமாக இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

மிதிப்பதற்கு என் மனைவியைத்தான் உட்கார வைப்பேன்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"விடாத."

"விடலங்க."

"இப்ப விடு. மறுபடியும் மிதி."

"எத்தினி தபா? நான் தையல் மிஷினக் கூட இந்த மிதி மிதிச்சதில்ல. முட்டி கழண்டு கீழ வுழுந்தா அதையும் ஒங்க ஸ்பேனராலயே முடுக்குவீங்களா?"

மூன்றாவது முறை கூப்பிட்டபோது, "இந்தக் காலு இனிமே அந்தப் பெடல மிதிக்காது. வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் தனி ஆளாக ஏர் எடுக்கும் கருவி ஒன்றை நானே செய்தேன். செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு டப்பா, புதிதாக ஒன்று வாங்கினேன். அதன் தெளிப்பு முனையை வெட்டிவிட்டு, பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடி மாதிரியே இன்னொரு மூடியில் துளை போட்டு ரப்பர் குழாயை இணைத்தேன். டப்பாவில் ஆயிலை ஊற்றி, மூடியைக் கிண்ணத்தில் திருகி, நான்கைந்து முறை பம்பு அடித்தால் போதும். அழுத்தம் தானாக ஆயிலைத் தள்ளும். பெடலை மிதிக்க ஆள் வேண்டாம். நிப்பிளைத் திறந்தால் அதில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நின்றதும் மூடிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போகலாம்.

என் காரைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் பெருமையாக இதைக் காட்டினேன். சேலம் ரோட்டில் கடை வைத்திருப்பவர், என்னைவிட இருபது வயது இளையவர். டப்பாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், மருந்தடிக்கிற டப்பா! இதுல பூச்சி சாவும். ஏர் சாவாதுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இனி இந்த வேலைக்கு அவர் கடை வாசல் மிதிப்பதில்லை என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மலைக்குப் போக வேண்டியிருந்ததற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, கார் நிறுத்தும் கொட்டகையில் ஏர் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிமலைப் பக்கம் என் மனைவியின் உறவினர் ஒருவர் கட்டிய புது வீட்டில் ஜெபம். என்னையும் மனைவியையும் தவிர அவளுடைய தம்பியும் வருவதாக ஏற்பாடு. ஆயில் கிண்ணத்திலிருந்து தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பது முறை. பின் இடது சக்கரம் முடிந்தது. பின் வலது முடிந்தது. முன் இடது சக்கரத்துக்கு வந்தபோது ரப்பர் குழாய் மூடியிலிருந்து பிய்த்துக்கொண்டது. அழுத்தத்தில் இருந்த ஆயில் முழுவதும் இன்ஜின் மேலும் தரையிலும் பீய்ச்சியடித்தது. சக்கரத்துக்கு மேலிருக்கிற ஃபெண்டரில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்தது இன்னும் அப்படியே இருக்கிறது.

புது பாட்டில் காலி. அலமாரியில் இரண்டு மழைக்காலத்துக்கு முன் திறந்த ஒரு பாட்டில் பாதி இருந்தது. அதன் மூடி விண்டுபோய், பாலித்தீன் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் உறிஞ்சும் பொருட்களைப் பற்றி வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கடைக்குப் போக மெக்கானிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சட்டையெல்லாம் ஆயிலோடு நான் ஸ்கூட்டரில் போவதை அவர் பார்ப்பார். பூச்சி செத்துச்சுங்களா சார் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் போகவில்லை. பழைய பாட்டிலைத் திறந்து டப்பாவில் ஊற்றினேன். மலைக்குப் போய் வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் போனது அந்த ஆயில்தான். இறக்கத்தில் அதிகம் சூடாவதும் முன் சக்கரங்கள்தான்.

முடித்துவிட்டுப் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. காற்று துளிகூட இல்லை. திருப்தியாகக் கை கழுவினேன்.

எனக்குக் கண் பார்வை மலைச்சாலைக்கு உதவாது என்பதால் தூரப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிடுவேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு நாளைக்கு, இரண்டு நாளைக்கு என்று அழைக்கிற டிரைவர். அவர் வீடு கருணாபுரத்தில். நாற்பது வயது. அதிகம் பேசமாட்டார். குடிக்கமாட்டார். ஆக்டிங் டிரைவருக்கு வண்டி கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு கார்க்காரர் இன்னொரு கார்க்காரரிடம் அவரைப் பற்றி என்ன சொல்கிறாரோ, அதுதான் அவர் பிழைப்பு. மலைக்கு என்றால் அவரைக் கூப்பிடு என்று அப்போது பத்து வீட்டிலாவது சொல்வார்கள்.

சனிக்கிழமை மதியம் ஜெபமும் சாப்பாடும் முடிந்து, டிக்கியில் நான்கு பலாப்பழத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மனைவி வாந்தி வருகிறது என்று கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மைத்துனர் குறட்டை விட்டுத் தூங்கினார். டிரைவர் இரண்டாவது கியரில் நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைந்தது. எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா இது, இன்ஜின் இந்தக் கத்து கத்துது. மூணுல போடு."

"இறக்கங்க சார். ரெண்டுதான் நல்லது."

"வண்டி என்னுது. எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? போடுப்பா."

அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். மூன்றாவதுக்கு மாற்றினார். சத்தம் குறைந்தது. அதற்குப் பிறகு அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது. மூன்றாவதில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைவு என்பதால் இருந்தே ஆக வேண்டும். நான்கைந்து வளைவு கடந்தபின் கருகின வாசனை வந்தது. ஏதோ தீய்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் சொன்னார், கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்:

"சார், பெடல் உள்ள போயிடுச்சு."

மூன்று நான்கு முறை வேகமாக மிதித்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கினார். கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி அலறியது, ஆனால் நிற்கவில்லை. இடது பக்கம் பள்ளம். எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வலது பக்கம் மலைச்சரிவின் மேல் சாய்த்தார். பாறையில் உராய்ந்துகொண்டே போய், கால்வாய் ஓரம் குவிந்திருந்த மண்மேட்டில் மோதி நின்றது. அவருடைய நெற்றி கிழிந்தது. பின்னால் இருந்த என் மனைவி முன் இருக்கையில் கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு உடைந்தது. எனக்கும் மைத்துனருக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் நான்கு பேரும் இன்று இருப்பது அவர் அந்தச் சில நொடிகளில் செய்ததால்.

ஜெபத்துக்கு வந்துவிட்டுப் பின்னால் இறங்கிய ஒரு ஜீப்பில் மனைவியை ஏற்றி, அதிலிருந்த உறவுக்காரப் பெண்ணைத் துணைக்கு வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். அடிபட்ட வண்டியை இறக்குவதற்கு வேறு ஆள் இல்லாததால் சேலம் ரோட்டு மெக்கானிக்குக்கே போன் செய்தோம். பைக்கில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு காலால் மிதித்தார்.

"பிரேக்கு கல்லு மாதிரி கீதே! இன்னாபா, நியூட்ரல்ல வுட்டுக்கினு வந்தியா?"

எங்கள் பக்கம் இறக்கத்தில் வண்டியை எந்தக் கியரிலும் போடாமல் நியூட்ரலில் விடுகிற கெட்ட பழக்கம் பலருக்கு உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று சொல்வார்கள். விபத்து நடந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதான்.

"இல்லண்ணா. மூணாவது கியர்ல வந்தேன். பெடல் சுத்தமா உள்ள போயிடுச்சு. சாரையே கேளு, அவருதான் பக்கத்துல இருந்தாரு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மைத்துனர், "மாமா, நீங்க பாத்தீங்களா?" என்றார்.

பதில் முழுவதும் என் தலைக்குள் இருந்தது. ஈர ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கிக்கொடுக்கும், அதனால் பெடல் வெறும் காற்றை மிதித்த மாதிரி உள்ளே போகும். இரண்டு மணி நேரத்தில் சக்கரம் ஆறிவிட்டது, ஆவி திரும்பவும் ஆயிலோடு ஆயிலாகிவிட்டது, பெடலும் பழையபடி கல்லாகிவிட்டது. இதை ஒரு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கினால் மருந்தடிக்கிற டப்பாவும் பழைய பாட்டிலும் மூணுல போடு என்று நான் சொன்னதும் வெளியே வரும். என் மனைவி கை உடைந்ததற்கு நான் காரணம் என்று ஆகும்.

"நான் ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு போய் மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

டிரைவர் நியூட்ரலில் விட்டுவிட்டார் என்று மைத்துனர் கார் வைத்திருக்கிற பத்துப் பேரிடம் சொன்னார். அந்தப் பத்துப் பேர் மற்றவர்களிடம் சொன்னார்கள். கருணாபுரம் என்றதும் சாராயம், குடி என்று ஊர் இன்னும் என்னவெல்லாம் சேர்த்துப் பேசும் என்பது எனக்குத் தெரியும். அப்படியே சேர்த்தும் பேசினார்கள். இரண்டு மாதத்தில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். கியர்லதான் வந்தான்னு. வேற ஒண்ணும் வேணாங்க."

"பாக்கலாம்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்த வாரமே யாருக்கும் தெரியாமல் அதே டப்பாவை வைத்து முன் சக்கரங்களில் இருந்த ஆயிலை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினேன். எடுத்ததைக் கொட்டவும் கை வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் பழகிய பழக்கப்படி ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, இறுக மூடி, சீட்டு ஒட்டினேன். முன் இடது, முன் வலது என்று எழுதித் தேதியும் போட்டேன். பரண் மேல் வைத்தேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாதபடி நானே எழுதி வைத்த சாட்சி அது.

போன வருடம் ஒரு நாள் திருக்கோவிலூர் போக வேண்டி, பேருந்து நிலையத்துக்கு வெளியே இருக்கிற ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விடப் போனேன். டோக்கன் கொடுக்க வந்தவர் அவர். நெற்றியில் தழும்பு. தலை பாதி நரைத்திருந்தது. டோக்கனைக் கிழித்து ஒன்றை ஹேண்டில்பாரில் செருகி, இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"பிரேக்கு புடிக்குதுங்களா சார்?"

குரலில் கோபமில்லை. வரிசையில் அடுத்தவரிடம் போய்விட்டார். நான் திருக்கோவிலூர் பஸ் ஏறவில்லை. டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவும் தைரியமில்லாமல் நிலையத்துக்குள் ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், செய்த பாவத்தை வாய்விட்டுச் சொன்னேன். அது சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததே எனக்கு உறுத்தியது. அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த கை சரியாகச் சேராததால் கட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் உருட்டுவாள்.

"மூணுல போடுன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள், நிமிராமல். "கண்ணதான் மூடிக்கினு இருந்தேன். காத மூடல."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஆயில் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. அது வேறயா?" பிறகு சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? போய் அவருகிட்ட சொல்லுங்க. பொழுது விடிஞ்சதும் போங்க."

போனேன். ஸ்டாண்டில் கூட்டம் குறைந்திருந்த நேரம். நின்றுகொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். டப்பா, பழைய பாட்டில், மெக்கானிக் கடையைத் தாண்டப் பயந்தது, மூன்றாவது கியர், பிறகு திருட்டுத்தனமாக ஆயிலை மாற்றியது. அவர் கேட்டுக்கொண்டே டோக்கன் கட்டைக் கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான்கூட சார், ஒரு வருசம் வரைக்கும் நம்ம காலுதான் ஏதோ தப்புப் பண்ணிடுச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "தூக்கத்துல மிதிப்பேன். வூட்ல அவங்க எழுப்பி வுடுவாங்க."

"எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"யாரு நம்புவாங்க? பெரியவரு, கோயிலுக்குப் போறவரு, பாவம் பாத்து எனக்காகப் பொய் சொல்றாருன்னு சொல்லுவாங்க. ஒங்களுக்குத்தான் நல்ல பேரு. எனக்கு அதே பேருதான். வுடுங்க சார். வண்டி வருது."

அவர் சொன்னது சரி. வெறும் வாய்ப்பேச்சு மறுபடியும் என் கணக்கில்தான் போய்ச் சேரும். காட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் யோசித்துப் பரணிலிருந்து புட்டியை இறக்கினேன். நான்கு வருடத் தூசி, ஆனால் சீட்டும் எழுத்தும் அப்படியே இருந்தன.

கார் ஸ்டாண்டு, ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம். ஆக்டிங் டிரைவர்கள் காலையில் அங்கேதான் கூடுவார்கள். அங்கே ஓர் அம்மா பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து பழைய இரும்புச் சட்டியும் கடலை எண்ணெயும் கேஸ் அடுப்பும் சோதனைக் குழாய்கள் இரண்டும் எடுத்துப்போனேன். மெக்கானிக்கை நானே கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். "இன்னா சார் விசேஷம்?" என்றார். "பூச்சி செத்துச்சா இல்லியான்னு காட்டறேன், வாப்பா" என்றேன். சிரிக்காமல் சொன்னதால் அவர் வந்தார்.

எட்டுப் பத்து பேர் சுற்றி நின்றார்கள். அடுப்பைப் பற்றவைத்ததும் பஜ்ஜிக் கடை அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஆயில்ல ஆயிலப் பொரிக்கப் போறீங்களா? எனக்குப் போட்டியா கடை போடறதுன்னா அந்தப் பக்கம் போங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஸ்கூட்டர் ஸ்டாண்டில் அவர் சொன்ன மாதிரியே ஒருவர், "சார் நல்ல மனுசன், அவனக் காப்பாத்தப் பாக்கறாரு" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு டிரைவர் என்னிடம் படித்தவர். சீட்டைப் படித்துவிட்டு, "இது சார் எழுத்துதான்டா. என் ரெக்கார்டு நோட்டுல திரும்பச் செய்னு எழுதினாரே, அதே எழுத்து. தேதியப் பாரு. வண்டி அடிபட்ட மாசம்" என்றார். புட்டி கைமாறிக் கைமாறிப் போய் வந்தது.

எண்ணெய் பஜ்ஜி போடுகிற பதத்துக்குக் காய்ந்தது. ஒரு குழாயில் புது பிரேக் ஆயில், இன்னொன்றில் புட்டியில் இருந்தது. இரண்டையும் இடுக்கியில் பிடித்து எண்ணெய்க்குள் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் பழைய ஆயிலில் அடியிலிருந்து குமிழ் கிளம்பியது. பிறகு பொலபொலவென்று கொதித்தது. பக்கத்தில் புது ஆயில் அசையாமல் நின்றது.

மெக்கானிக்தான் கேட்டார். "அப்ப அன்னிக்கு நான் மிதிச்சப்ப கல்லு மாதிரி இருந்துச்சே?"

குழாயை வெளியே எடுத்துப் பிடித்தேன். குமிழ் அடங்கியது. ஆறியபின் அவர் கையில் கொடுத்தேன். "இப்பப் பாரு. கொதிச்சதுன்னு யாராவது சொல்லுவாங்களா? நீ ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்த."

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். "எனக்கு இது தோணியிருக்கணும் சார். தோணல" என்றார். அதோடு சாலையைக் கடந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்குப் போனார். டிரைவர் அங்கே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மெக்கானிக்தான் அதிகம் பேசினார்.

மைத்துனரிடமும் போய்ச் சொன்னேன். "இந்த வயசுல எதுக்கு மாமா இதெல்லாம்? முடிஞ்சி போன கத" என்றார். அவர் இன்றுவரை நியூட்ரல் என்றுதான் நம்புகிறார். புட்டியைக் காட்டியும் பயனில்லை. நான் விடுவதாக இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்து டிரைவர் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை கேட்டைத் திறந்துகொண்டு நேராகக் கார் கொட்டகைக்கு வந்தார்.

"ஏர் எடுங்க சார். நாலு சக்கரமும். நான் பாக்கணும். அப்புறம் மலைக்குப் போலாம். நான் ஓட்டறேன். நீங்க அதே சீட்டுல ஒக்காருங்க. எறங்கறப்ப வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

முத்திரை உடைக்காத புது பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அவரே மூடியைத் திருகினார். டப்பாவில் ஊற்றிப் பம்பு அடித்தேன். அவர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் என்னோடு குனிந்து, கண்ணாடிக் குழாயில் கடைசிக் குமிழ் போகிறவரை பார்த்தார். குழாய் இணைப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். என் மனைவி கதவருகே வந்து, "நானும் வர்றேன்" என்றாள். வேண்டாம் என்று அவர் சொன்னார். "என் கையிதான உடஞ்சுது? நான் வராம எப்படிங்க?" என்று சொல்லிப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி ஏறினோம். மேலே வண்டியைத் திருப்பிவிட்டு, இறங்குவதற்கு முன் பெடலை மிதித்து இருபது வரை எண்ணினார். இரண்டாவது கியரில் போட்டார். இன்ஜின் கத்தியது. கீழே வரும்வரை கத்திக்கொண்டேதான் இருந்தது. நான் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவு வந்தது. மண்மேடு இல்லை, கால்வாய்க்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பாறையில் என் காரின் வெள்ளைக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வளைவுக்கு முன் ஒரு முறை பிரேக்கைத் தொட்டார், விட்டார், திருப்பினார், போனார். கோமுகி அணைக்கு அருகில் ஓரமாக நிறுத்தி இறங்கி, முன் சக்கரம் இரண்டிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். திரும்ப ஏறி வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. மனைவியின் கையில் கொடுத்தார்.

"இனிமே சார் வண்டிக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்கம்மா."

அவள் தலையாட்டினாள். டீ சாப்பிட்டுப் போங்க என்றாள். சாப்பிடாமல் போனார்.

அவர் கேட்டபடியே நான் அவரைக் கூப்பிடுவதில்லை. வேறு இரண்டு மூன்று வீட்டார் மறுபடியும் கூப்பிடுகிறார்கள். பழையபடி பத்து வீடு இல்லை. வாரத்தில் பாதி நாள் இன்னும் ஸ்கூட்டர் ஸ்டாண்டில்தான் நிற்கிறார். அவர் இழந்த நான்கு வருடத்தை என்னால் எப்படியும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. கேட்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அதையும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது சரியாகப் படவில்லை.

ஆனால் போன மாதம் அவரே எனக்குப் போன் செய்தார். ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவருடைய காரை மலைக்கு எடுத்துப்போகப் போகிறாராம்.

"சார், இந்த வண்டியில பிரேக்கு ஆயில் காப்பி மாதிரி இருக்குது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். டப்பாவ எடுத்துக்கினு வர்றீங்களா?"

ஸ்கூட்டரில் டப்பாவை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் கடையைத் தாண்டிப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிறுத்திப் புது பாட்டில் வாங்கினேன். போனதும் அவர் பாட்டிலை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். மூடியைத் திருகி உடைத்துவிட்டு, ஊற்றுவதற்கு என்னிடம் நீட்டினார்.